ஒரு கையால் படிக்கிற நாவல்கள்

அந்த டயாலிசிஸ் மையத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. நோயாளிகளுக்கு அவர் 'முதல் பாகம் அக்கா'. அவசரமென்றால் வெறும் 'முதல் பாகம்'.

"முதல் பாகம் வந்தாச்சா? அவங்க ஊசி போட்டாத்தான் எனக்கு வலிக்காது" என்று காலை ஷிஃப்டில் ஒரு குரலாவது கேட்கும். புதிதாகச் சேர்ந்தவர்கள் முதல் நாள் திருதிருவென்று விழிப்பார்கள். அன்றைக்கே காரணம் தெரிந்துவிடும். ஊசிகளைச் செருகி, குழாய்களை டேப் போட்டு ஒட்டி, மெஷின் சீராக ஓடுகிறதா என்று பார்த்த பிறகு, அக்கா தன் நீலக் கோட்டுப் பையிலிருந்து ஒல்லியான ஒரு புத்தகத்தை எடுத்து நோயாளியின் மடியில் வைப்பார்.

"படிச்சுப் பாருங்க. இது முதல் பாகம்தான். புடிச்சிருந்தா ரெண்டாவது தர்றேன். புடிக்கலைன்னா சும்மா புடிச்சிருக்குன்னு பொய் சொல்லாதீங்க, உங்க பிரஷர் காட்டிக் கொடுத்துரும்."

சிறுநீரகம் வேலை செய்யாதவர்களுக்கு அந்த வேலையை மெஷின் செய்ய நான்கு மணி நேரம் ஆகும். வாரத்துக்கு மூன்று முறை. கையிலிருந்து ஒரு குழாய் வழியாக ரத்தம் வெளியே போய், சுத்தமாகி, இன்னொரு குழாய் வழியாகத் திரும்பி வரும். அந்தக் கையை மடக்கக்கூடாது, உதறக்கூடாது, அதன்மேல் சாய்ந்து படுக்கவும் கூடாது. மிஞ்சுவது ஒரே ஒரு கை. கூரையிலிருந்து தொங்கும் டிவியைப் பார்த்தால் கழுத்து பிடித்துக்கொள்ளும். ரிமோட் யாரிடம் இருக்க வேண்டும் என்பதில் எப்போதும் தகராறு. மொபைலைப் படுத்தபடி பிடித்தால் தூக்கம் வந்த நொடியில் மூக்கின் மேல் விழும். கதவோர நாற்காலியில் வரும் பேக்கரிக்காரர் ஒருமுறை அப்படி உதடு கிழிந்து, "கிட்னி ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வாயில தையல் போட்டுட்டு வந்தவன் நான் ஒருத்தன்தான்" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அக்கா நாவல் பைத்தியம். அதுவும் சரித்திர நாவல்களும், நூறு வருடத்துக்கு முன்னால் எழுதின பெரிய பெரிய குடும்பக் கதைகளும். டெக்னீஷியன் படிப்பு படித்த காலத்தில் விடுதி அறையில் கூட இருந்தவள் விட்டுச் சென்ற ஒரு தடிப்புத்தகத்தில் ஆரம்பித்தது. வேலையில் சேர்ந்த பிறகு, நான்கு மணி நேரம் கூரையையே பார்த்துக்கொண்டிருக்கும் மனிதர்களைப் பார்த்ததும் அவருக்குக் கை துறுதுறுத்தது. ஒரு பேருந்து ஓட்டுநருக்குத் தன் புத்தகத்தைக் கொடுத்தார். தலையணை கனம். ஒற்றைக் கையில் அரை மணி தாக்குப்பிடித்த ஓட்டுநர், போர்க்களக் காட்சியில் தன்னை மறந்து இரண்டாவது கையையும் உதவிக்குக் கூப்பிட்டுவிட்டார். குழாய் இழுபட்டு மெஷின் அலறியது. டாக்டர் ஓடி வந்தார்.

"கதையில எவ்வளவு ரத்தம் வேணா ஓடட்டும்மா, இங்க ஒரு சொட்டு சிந்தக்கூடாது" என்றார் டாக்டர்.

அன்று மாலையே அக்கா அந்தப் புத்தகத்தை பிளேடால் அறுத்தார்.

அவருடைய கணவர் ஜெராக்ஸ்-பைண்டிங் கடை வைத்திருப்பவர். மாணவர்களின் பாடக் குறிப்புகளையும் வக்கீல்களின் காகிதக் கட்டுகளையும் ஒட்டித் தைத்துப் பழகிய அவருக்கே அதிர்ச்சி.

"முழுப் புத்தகத்தை வெட்டறதுக்கு எப்பிடி உனக்கு மனசு வருது?"

"பழத்தை வெட்டாம முழுசாவா முழுங்குவீங்க?"

"அதுவும் இதுவும் ஒண்ணா?"

"ஒண்ணுதான். பசிக்கிறவன் கையில என்ன இருக்கோ அதுக்குத் தக்கபடி வெட்டணும். ஒட்டுங்க."

ஒட்டினார். ஒவ்வொரு பாகத்துக்கும் பழைய காலண்டர் அட்டையை மேலட்டையாக வைத்தார். விரலால் பிரித்துப் பிடித்தால் ஒரு கைக்குள் அடங்கும் அளவு. பெருவிரலால் பக்கத்தைத் தள்ளலாம். தூங்கி மேலே விழுந்தாலும் உதடு கிழியாது. மையத்தின் மருந்து அலமாரிக்குக் கீழே இப்படி வெட்டப்பட்ட நாவல்கள் வரிசையாகச் சேர்ந்தன. ராஜ்யங்களும் ஜமீன்களும் கப்பல் கொள்ளைகளும், பஞ்சும் ஊசியும் வைத்த பெட்டிகளுக்குப் பக்கத்தில்.

யாருக்கு எந்த நாவல் என்று முடிவு செய்வதில் அவருக்கு ஒரு தனி வழி இருந்தது. 'உங்களுக்கு என்ன மாதிரி கதை பிடிக்கும்' என்று கேட்கவே மாட்டார். கேட்டால் எல்லோரும் 'ஏதாவது கொடுங்க' என்பார்கள். அக்கா கேட்பது வேறு.

"வீட்ல யாரோட சண்டை?"

அண்ணன் தம்பி சொத்துத் தகராறு என்றால் இரண்டு இளவரசர்கள் ஒரே சிம்மாசனத்துக்கு அடித்துக்கொள்ளும் கதை. மாமியார் மருமகள் என்றால் அந்தப்புரச் சதி. முதலாளியோடு சண்டை என்றால் அரசனை எதிர்த்துக் காட்டுக்குப் போன படைவீரன். பேக்கரிக்காரர், "எனக்குப் பொண்டாட்டியோடதான் சண்டை, ஆனா தப்பு என் மேலதான்" என்று ஒப்புக்கொண்டபோது, ஊதாரிப் பண்ணையாரைப் பற்றிய கண்ணீர்க் கதை ஒன்றை நீட்டினார். மூன்றாம் பாகத்தில் பேக்கரிக்காரர் மனைவிக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டார். அவர் மனைவி இன்று வரை அது மருந்தின் பக்க விளைவு என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

சர்வேயரிடமும் அக்கா அதே கேள்வியைத்தான் கேட்டார்.

சர்வேயர் ஓய்வுபெற்ற நில அளவையாளர். வாழ்நாள் முழுக்க வெயிலில் சங்கிலி பிடித்து நிலம் அளந்தவர். நெட்டை ஆள், ஜன்னலோர நாற்காலியில் கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மனைவி இறந்து சில வருடங்கள். மகள் பள்ளிக்கூட ஆசிரியை; அவளோடு இருக்கிறார். முதல் ஒரு மாதம் யாரோடும் பேசவில்லை.

"வீட்ல யாரோட சண்டை சார்?"

"இந்த நாற்காலியோட."

அக்கா சிரித்தார். அவர் சிரிக்கவில்லை.

"விளையாட்டுக்குச் சொல்லலம்மா. எனக்கு இது வேணாம். மகளுக்காக வர்றேன். எத்தனை நாள் இப்பிடி வந்து கையை நீட்டறது?"

அக்கா அலமாரிக்குப் போனார். இருப்பதிலேயே நீளமான நாவலின் முதல் பாகத்தைக் கொண்டுவந்தார். எல்லைக் கோட்டை ஒன்றின் காவலன் எதிரிகளிடம் பிடிபட்டு, தூர தேசத்தில் அடிமையாகி, தப்பித்து, பாலைவனமும் மலையும் தாண்டி ஊருக்கே நடந்து திரும்புகிற கதை. மையத்தில் அதற்கு 'காவலன் கதை' என்று பெயர்.

சர்வேயர் புரட்டினார். "மொத்தம் எவ்வளவு பெருசு?"

"இது மாதிரி நிறைய பாகம் இருக்கு சார்."

"சரி. இது முடியிற வரைக்கும் வர்றேன். அதுக்கப்புறம் என்னை யாரும் கூப்பிடக்கூடாது."

கடை எத்தனை மணிக்கு மூடும் என்று சொல்வதைப் போலச் சொன்னார். டயாலிசிஸை நிறுத்தினால் என்ன ஆகும் என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். அக்கா அன்றே டாக்டரிடம் சொன்னார். டாக்டர் பேசினார். மகளிடமும் பேசினார். மகள் நடைபாதையில் நின்று அழுதாள். சர்வேயர் எல்லோருக்கும் பொறுமையாகத் தலையாட்டினார். மாற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் வந்தார். காவலன் பாலைவனத்தைத் தாண்டும்வரை வந்தார். மலையில் பனியில் மாட்டிக்கொண்டபோதும் வந்தார்.

அக்காவுக்கு ஒரு கணக்கு இருந்தது. அந்த நாவல் முடிவது ஒரு நல்ல இடத்தில். காவலன் இரவில் ஆற்றைக் கடக்கிறான். எதிர்க்கரையில் தன் கோட்டையின் விளக்குகளைப் பார்க்கிறான். 'படகு கரை தட்டியது' என்பது கடைசி வரி. அதைப் படித்த எவருக்கும் மார்பு விரியும். அப்படி மார்பு விரிந்த மனிதன் அடுத்த புத்தகத்துக்குக் கை நீட்டாமல் இருக்க மாட்டான். இந்த நம்பிக்கையில்தான் அவருக்கு அதைத் தேர்ந்தெடுத்தார்.

கடைசிப் பாகத்துக்கு வந்ததும் சர்வேயரின் வேகம் குறைந்தது. ஒரே பக்கத்தில் நெடுநேரம் கிடந்தார். களைப்பு என்று அக்கா நினைத்தார். வெள்ளிக்கிழமை காலை, மெஷின் நிற்கக் கொஞ்ச நேரம் இருக்கும்போது, புத்தகத்தை மூடி நெஞ்சின் மேல் வைத்தார்.

"எப்பிடி சார்?"

"கரை தட்டிருச்சு."

"நல்லா இருந்துச்சா?"

"ம்."

அக்கா கோட்டுப் பையிலிருந்து அடுத்த நாவலின் முதல் பாகத்தை எடுத்தார். சர்வேயர் அதை வாங்கவில்லை.

"திங்கக்கிழமை பார்ப்போம்மா."

திங்கட்கிழமை ஜன்னலோர நாற்காலி காலியாக இருந்தது.

இந்த வேலையில் திங்கட்கிழமைதான் பயமான நாள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் உடம்பில் தண்ணீரும் உப்பும் சேர்ந்துகொண்டே போகும். வெள்ளியன்று வந்தவர் திங்களன்று வராவிட்டால் நுரையீரலில் நீர் ஏறலாம், இதயம் தடுமாறலாம். அக்கா சர்வேயரின் மொபைலுக்கு அடித்தார். மணி அடித்து ஓய்ந்தது. மகளுக்கு அடித்தார். 'ஸ்விட்ச் ஆஃப்' என்றது. வகுப்பு நேரத்தில் அவள் போனை அணைத்து வைப்பாள், மதியம் வரை எடுக்க மாட்டாள். வரவேற்பு மேசையில் வழக்கமாக இருக்கும் பெண் அன்று விடுப்பு. அவள் இடத்தில் உட்கார்ந்திருந்தவருக்குச் சர்வேயரையே தெரியாது. "யாரும் ஒண்ணும் சொல்லலியேம்மா" என்று கையை விரித்தார்.

அக்கா மற்றவர்களுக்கு ஊசி போட்டார். கை தன் வேலையைச் செய்தது. பேக்கரிக்காரர் மட்டும் கண்டுபிடித்துவிட்டார்.

"என்ன முதல் பாகம், இன்னிக்குக் குத்தினது தெரியவே இல்ல, ஆனா உங்க மூஞ்சி வலிக்கிற மாதிரி இருக்கே?"

"வாயைத் தைச்சது பிரிஞ்சிருச்சான்னு பாக்கறேன், பேசாம இருங்க."

தரை துடைத்துக்கொண்டிருந்த வார்டு அண்ணன்தான் அந்தச் சேதியைச் சொன்னார். தாழ்ந்த குரலில், ஏதோ பொருளை உடைத்துவிட்டவரைப் போல.

"சிஸ்டர், சொல்லலாமா வேணாமான்னு தெரியல. வெள்ளிக்கிழமை சர்வேயர் வெளிய போறப்போ, அந்தத் தையல்கார அம்மா எடை பாக்கற ரூம்ல உக்காந்திருந்தாங்க. இவர் கையில இருந்த புத்தகத்தைப் பாத்துட்டு, 'முடிச்சுட்டீங்களா? கடைசியில அவன் அப்பிடிப் பண்ணிட்டானேன்னு எனக்கு ரெண்டு நாளு சாப்பாடே இறங்கல'ன்னாங்க. இவரு 'எப்பிடிப் பண்ணான்? கரைக்குத்தானே வந்தான்'னாரு. 'அய்ய, அதுக்கப்புறம் ஒரு அத்தியாயம் இருக்கே'ன்னு அந்தம்மா பையிலேர்ந்து குண்டுப் புத்தகத்தை எடுத்துக் குடுத்தாங்க. இவரு வாங்கிட்டுப் போய்ட்டாரு."

தையல்கார அம்மா மதிய ஷிஃப்டில் வருகிறவர். தவணை முறையில் கதை படிப்பது தனக்கு ஒத்துவராது என்று மகனைக் கொண்டு முழுப் புத்தகம் வாங்கிக்கொண்டவர். அதைத் தலையணை மேல் சாய்த்து வைத்துப் படிப்பார்.

அக்கா தண்ணீர் சுத்திகரிக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். மோட்டார் சத்தத்துக்கு நடுவே முதலில் கணவருக்குப் போன் செய்தார்.

"அந்தக் காவலன் கதை, நாம பழைய புத்தகக் கடையில வாங்கினது, ஞாபகம் இருக்கா? அதுல கடைசிப் பக்கத்துல 'முற்றும்'னு போட்டிருந்துச்சா?"

"நான் ஒட்டறவன். படிக்கறவ நீ."

"விளையாடாதீங்க."

அந்தப் பக்கம் யோசிக்கும் சத்தம் கேட்டது. "பின்னட்டையே இல்லாமத்தான் வந்துச்சு. 'முற்றும்' இல்லியேன்னு நான் கேட்டேனே. பெரிய எழுத்தாளருங்கல்லாம் 'முற்றும்' போட மாட்டாங்கன்னு நீதான் சொன்னே."

சொன்னது உண்மைதான். 'படகு கரை தட்டியது' பக்கத்தின் அடிமட்டத்தில், அழகாக, முற்றுப்புள்ளியோடு நின்றது. அதற்கு அப்பாலும் கதை இருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. எத்தனையோ பேருக்கு அதைப் பரிந்துரைத்திருக்கிறார். முடிவுக்காகவே படிக்க வேண்டிய நாவல் என்று மார்தட்டியிருக்கிறார்.

அடுத்துத் தையல்கார அம்மாவுக்கு அடித்தார்.

"அம்மா, அந்தக் கடைசி அத்தியாயத்துல என்ன நடக்குது?"

"ஏன்டியம்மா, நீ படிக்கலையா? எல்லாருக்கும் நீதானே குடுக்கறே!"

"சொல்லுங்கம்மா."

"கோட்டைக் கதவுக்கிட்ட வர்றான். காவலுக்கு நிக்கறது அவன் மகன். வளந்துட்டான், அடையாளம் தெரியல. 'யாரு நீ'ன்னு கேக்கறான். உள்ள வீட்ல விளக்கெரியுது, சிரிப்பு கேக்குது. நாம இல்லாமயே எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்கன்னு இவனுக்குத் தோணுது. பேரைச் சொல்லாம திரும்பி நடந்து, வெள்ளம் வர்ற ஆத்துல படகைத் தள்ளிட்டுப் போயிடறான். அவ்வளவுதான். காலையில வெறும் படகு மட்டும் ஒதுங்கிக் கிடக்கும். ஹலோ? லைன்ல இருக்கியா?"

அக்கா லைனில் இருந்தார். "அப்புறம் கூப்பிடறேன்மா" என்று போனை வைத்தார்.

டாக்டரிடம் ஓடினார். டாக்டர் கேட்டுவிட்டு நேரம் வீணாக்கவில்லை. மையத்தின் ஆம்புலன்ஸ் ஓட்டுநரைச் சர்வேயர் வீட்டுக்கு அனுப்பினார். ஓட்டுநர் அங்கிருந்து போன் செய்தார்.

"வீடு பூட்டியிருக்கு சிஸ்டர். பக்கத்து வீட்டம்மா காலைலேயே டாக்சில போனாருன்னு சொல்றாங்க. தனியாத்தான் போனாராம். எங்கேன்னு தெரியலியாம். கையில ஒரு புத்தகம் இருந்துச்சாம்."

"எந்தப் பக்கம் போனாராம்?"

"அதைக் கேட்டா, நான் என்ன டிராஃபிக் போலீஸான்னு என்னையே திருப்பிக் கேக்கறாங்க."

அக்கா சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. காலை ஷிஃப்ட் முடிந்து மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. ஊசிகளை உருவி, பஞ்சு வைத்து அழுத்தி, ஒவ்வொருவரையும் எடை பார்க்க அனுப்பினார். பேக்கரிக்காரர் போகும்போது, "என் கதை நாலாம் பாகம்?" என்று கேட்டார். "அதுல கடைசிப் பக்கம் இருக்கான்னு பாத்துட்டுத் தர்றேன்" என்றார் அக்கா. பேக்கரிக்காரர் புரியாமல் போனார். அக்காவின் வேலை நேரம் முடிந்துவிட்டது. கோட்டைக் கழற்றாமல் நின்றார். மகளின் போன் இன்னும் அணைந்தே இருந்தது. பள்ளி அலுவலகத்துக்கு அடிக்கலாமா, அடித்து என்ன சொல்வது என்று எண்ணிக்கொண்டிருந்தபோது எடை பார்க்கும் அறையில் ஒரு சத்தம்.

"அந்த அம்மா வந்தாச்சா? பக்கத்து நாற்காலி எனக்குத்தானே?"

சர்வேயரின் குரல்.

அக்கா ஓடினார். தராசின் மேல் நெட்டையாக நின்றுகொண்டிருந்தார் அவர். கணுக்கால் வீங்கியிருந்தது, மூச்சு கொஞ்சம் வாங்கியது. மற்றபடி முகம் தெளிவாக இருந்தது. இரண்டு கையிலும் பைகள். பின்னால் மகள், மூச்சிரைக்க, கார்ச் சாவியோடு.

"சார்!"

"என்னம்மா, நீங்க இன்னும் போகலியா?"

"எங்க போனீங்க சார்? காலைல ஏன் வரல? போன் ஏன் எடுக்கல?"

"காலைல எதுக்கு வரணும்? நான்தான் சனிக்கிழமையே ரிசப்ஷன்ல சொல்லி மதியத்துக்கு மாத்திக்கிட்டேனே. அந்தப் பொண்ணு மதியம் டியூட்டி பாக்கறவர்கிட்ட சொல்லிடறேன்னுச்சே."

மதியப் பொறுப்பாளர் தலையைச் சொறிந்தார். "ஆமா சிஸ்டர், என்கிட்ட சொல்லிச்சு. காலை ஷிஃப்ட்டுக்கு உங்ககிட்டயும் சொல்லியிருக்கும்னு நெனச்சேன்."

அக்காவுக்குச் சர்வேயரை அறைய வேண்டும் போலவும் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் செய்யாமல் சுவரில் சாய்ந்தார்.

"போன் எடுத்திருக்கலாம்ல சார்?"

"டாக்சில பையில கிடந்துச்சு. பழைய புத்தகக் கடைக்காரனோட சண்டை போட்டுக்கிட்டிருந்தேன், கேக்கல."

"கொஞ்சம் கேளுங்க சிஸ்டர் இவரை" என்றாள் மகள். "காலைல எழுந்து, அந்த முடிவு தப்பா இருக்கும், அச்சடிச்சவன் ஏதோ மாத்தியிருப்பான், வேற பதிப்பைப் பாக்கணும்னு கிளம்பிட்டாரு. நான் ஸ்கூல் விட்டு நேரா கடைக்குப் போய்க் கூட்டிட்டு வர்றேன். கடைக்காரர் கதவைத் திறந்து விட்டுட்டுக் கும்பிட்டாரு."

"ரெண்டாந்தடவை அளக்காம நான் எந்த எல்லைக் கல்லையும் நட்டதில்ல" என்றார் சர்வேயர். "மூணு பதிப்பு பாத்தேன். மூணுலயும் அதே கூத்துதான். அவன் எழுதினதே அப்பிடித்தான்."

அந்த நேரத்தில் தையல்கார அம்மா உள்ளே வந்தார். சர்வேயரைப் பார்த்ததும் கண்ணாடியை இறக்கினார்.

"படிச்சாச்சா?"

"படிச்சேன். முட்டாள்! உங்க ஆளு முட்டாள்!"

"யாரு முட்டாள்? தன்னால யாருக்கும் பாரம் கூடாதுன்னு ஒதுங்கிப் போறவன் முட்டாளா?"

"வருஷக்கணக்கா நடந்தவன்ம்மா அவன்! பாலைவனம், மலை, பனி, எல்லாத்தையும் நடந்தவன். கதவுக்கும் அவனுக்கும் நாலு சங்கிலி தூரம்கூட இல்ல. 'நான்தான்டா உன் அப்பன்'னு ஒரு வார்த்தை சொல்ல வாய் இல்லியா? கதவைத் தட்டிட்டு, வேணாம்னு அவங்க சொன்னா அப்பறம் போகட்டும். கேக்காமயே எப்பிடிப் போவான்?"

மகள் தராசையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணைத் துடைக்கவில்லை, துடைத்தால் அப்பா பார்த்துவிடுவாரோ என்னவோ.

அக்கா கோட்டுக் கையை மடித்துவிட்டார். "வேலை நேரம் முடிஞ்சிருச்சு சிஸ்டர், நாங்க பாத்துக்கறோம்" என்றார் மதியப் பொறுப்பாளர். "இந்தக் கை என்னைத் தவிர யாருக்கும் அடங்காது" என்று சொல்லிச் சர்வேயரைத் தையல்கார அம்மாவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தார். இரண்டு ஊசியும் ஒரே முயற்சியில் இறங்கின. குழாயில் ரத்தம் சிவந்து ஓடியது. அன்றைக்கு முதல் முறையாக அக்கா முழு மூச்சு விட்டார்.

வாக்குவாதம் தொடர்ந்தது. சர்வேயரின் மெஷின் பிரஷர் ஏறுகிறதென்று பீப் அடித்தது. தொடர்ந்து தையல்கார அம்மாவுடையதும்.

"ரெண்டு பேரும் வாயை மூடுங்க. இல்லேன்னா நடுவுல திரை போட்டுருவேன்."

"நீங்களே சொல்லுங்கம்மா, யார் சரி?" என்றார் சர்வேயர்.

"நான் அந்த அத்தியாயத்தைப் படிச்சதில்ல சார். நம்ம புத்தகத்துல அது இல்லன்னு எனக்கு இன்னிக்குத்தான் தெரியும்."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அவர் பக்கம் திரும்பினார்கள். பின்பு தையல்கார அம்மா வயிறு குலுங்கச் சிரித்தார். "ஊருக்கெல்லாம் முதல் பாகம் குடுக்கறவ, கடைசிப் பாகம் படிக்காதவ!"

சர்வேயர் சிரிக்கவில்லை. காலியாக இருந்த கையால் பையைக் காட்டினார். மகள் அதிலிருந்து ஒல்லியான ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். புதிதாக வாங்கிய பிரதியிலிருந்து கடைசி அத்தியாயத்தை மட்டும் பிளேடால் அறுத்து எடுத்திருந்தார். வெட்டு நூல் பிடித்தது போல நேராக இருந்தது.

"உங்க வீட்டுக்காரரை ஒட்டச் சொல்லுங்க. இது இல்லாம இனிமே யாருக்கும் குடுக்கக்கூடாது. நல்லா இருக்கோ இல்லியோ, முழுசா குடுக்கணும்."

அக்கா இரண்டு நாற்காலிகளுக்கும் நடுவே ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து படித்தார். இரண்டு பேரும் பரீட்சை எழுதுகிறவளைப் பார்ப்பதைப் போல அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசிப் பக்கத்தில் வெறும் படகு ஒதுங்கிக் கிடந்தது. அதற்குக் கீழே, நடுவில், சிறிய எழுத்தில், 'முற்றும்'.

"என்ன?" என்றார்கள் இருவரும்.

"அவனைக் கரையில புடிச்சு நிறுத்தி நாலு அறை விடணும் போல இருக்கு."

"பாத்தீங்களா!" என்றார் சர்வேயர்.

"அவ உங்களுக்கு ஊசி குத்தறவ. உங்க பக்கம்தான் பேசுவா" என்றார் தையல்கார அம்மா. "ஆனா ரொம்ப நல்லா எழுதியிருக்கான்ல?"

"ரொம்ப" என்றார் அக்கா. "அதுதான் கோவம்."

துடைப்பத்தோடு வந்த வார்டு அண்ணன் சமயம் பார்த்துக் கிண்டினார். "ஏன் சார், புத்தகம் முடியிற வரைக்கும்தான் வருவேன்னு சொன்னீங்க? இப்ப நெசமாவே முடிஞ்சிருச்சே?"

அக்காவின் கை பிரஷர் பட்டையில் நின்றது. மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க முடிஞ்சுது?" என்றார் சர்வேயர். "இந்த அம்மா தப்புன்னு ஒத்துக்கணும். அது வரைக்கும் முடியல."

"நான் சாகற வரைக்கும் ஒத்துக்க மாட்டேன்."

"அப்ப வந்துட்டே இருக்க வேண்டியதுதான். வேற என்ன பண்றது?" கால்களை நாற்காலிக்கு வெளியே நன்றாக நீட்டிக்கொண்டார். "அம்மா, வெள்ளிக்கிழமை ஏதோ ஒண்ணு நீட்டினீங்களே, அது என்ன கதை?"

"ஒரு ஜமீன் குடும்பம் சார். மூணு தலைமுறை."

"கடைசிப் பக்கம் இருக்கா?"

"பாத்துட்டுத் தர்றேன் சார்."

"புதன்கிழமை எடுத்துட்டு வாங்க. ரெண்டு செட்டா. இவங்களும் படிக்கட்டும், இல்லேன்னா சண்டைக்கு ஆள் இருக்காது."

அக்கா தண்ணீர் அறைக்குப் போய் இரண்டாம் முறை கணவருக்குப் போன் செய்தார். இன்னொரு கையில் சாப்பாட்டு டப்பா திறந்திருந்தது. வாயில் ஒரு கவளம்.

"வந்துட்டாரு" என்றார்.

"யாரு?"

"யாரோ. நம்மகிட்ட இருக்கற எல்லா நாவலையும் எடுத்துக் கடைசிப் பக்கம் பாக்கணும்."

"எல்லாத்தையுமா? இன்னிக்கேவா?"

"இன்னிக்கு வேணாம்" என்று மென்றுகொண்டே சொன்னார் அக்கா. "மெதுவாப் பாக்கலாம். அவர் புதன்கிழமைதான் வருவாராம்."